ஓரக் கட்டத்து வீடு

மார்ச் 3
இந்த மாதச் செய்திமடல் போயாயிற்று. ஆறும் மணலும் மலைச்சரிவும் எப்படி மாறும் என்று கணினியில் கணக்குப் போடுகிற எங்கள் கூட்டத்துக்கு நான்தான் தபால்காரி. எங்கே வேலை, எங்கே உதவித்தொகை, எங்கே பயிற்சி, எல்லாம் என் வழியாகத்தான். இம்முறை பயிற்சி முகாம் அறிவிப்பில் ஒரு வரி: 'உங்கள் ஊர் நிலப்படத்தையே கொண்டுவரலாம்.' ஊருக்கெல்லாம் சொல்கிறேனே, நான் போனால் என்ன? அண்ணன் வீட்டுப் பின்சுவரை ஆறு நெருங்கிக்கொண்டிருக்கிறது. விற்பதா, மாடி கட்டுவதா என்று அவனுக்கும் அண்ணிக்கும் தினமும் மல்லுக்கட்டு.

மார்ச் 19
முகாமில் அடுத்த முப்பது வருட வெள்ளத்தைக் கணினியில் ஓட்டினேன். எதிர்க்கரை கரைந்தது, அண்ணன் வீடு அசையவில்லை. போனில் சொன்னேன். "நீ சொன்னா போதும்மா. விக்கல" என்றான். அவன் குரலில் இப்படி ஒரு நிம்மதியைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

ஏப்ரல் 8
மாடிக்குக் கம்பி இறக்கியாயிற்றாம்.

ஏப்ரல் 11
முகாம் அனுபவத்தை மடலுக்கு எழுதி எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் காட்டினேன். எதையும் நோண்டாமல் விடமாட்டார். அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி.
"வீடு எங்கம்மா இருக்கு?"
"இதோ, இந்த ஓரத்துல."
"ஓரத்துலயா?"
படத்தை மறுபடி பார்த்தேன். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கு; அதில் படத்தின் ஓரக் கட்டங்களை மாறாதபடி பூட்டிவிடுவோம். அவை கரைவதில்லை, அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற கணக்கே நடக்கும். படத்தை நான் அண்ணன் வீடு ஓரக் கட்டத்தில் விழும்படி வெட்டியிருக்கிறேன். ஆறு என்ன செய்தாலும் அந்த வீடு விழாது — விழ நான் விடவில்லை. அடிப்பாவி, புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவதாயிற்றே இது.

ஏப்ரல் 12
படத்தை அகலமாக்கி மறுபடி ஓட்டினேன். வீடு பத்து வருடம்கூடத் தாங்கவில்லை.

ஏப்ரல் 13
நேரில் போனேன். தளத்துக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன்.
"அன்னைக்கு நிக்கும்னே. இன்னைக்கு நிக்காதுங்கற. எதைத்தான் நான் நம்பறது?" என்றான் அண்ணன்.
வேலையை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். "போயிடு" என்றான்.
பஸ்ஸில் அழுகை நிற்கவில்லை. ஏன்டி, ஒரு தடவை சரி பார்த்துட்டு வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 29
என் தவறையே மடலில் போட்டேன். பாராட்டி நாலு பேர் பதில் எழுதினார்கள். அண்ணன் போனை எடுப்பதில்லை.

மே 6
காலையில் கதவைத் திறந்தால் அண்ணன். மாடி வேலையை நிறுத்திவிட்டானாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"பக்கத்து வீட்டு டெய்லர் வீடும் அந்த ஓரத்துலதானா?"
"ஆமா."
"அவர் விக்கறதா இருந்தார். எங்க தங்கச்சி கணக்குப் போட்டுச் சொல்லிட்டா, பயமில்லைன்னு நான்தான் தடுத்தேன். வாங்க வந்தவங்களை அனுப்பிச்சிட்டு, நேத்து எனக்கு நன்றி சொல்றார்."
நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். இருவரும் பஸ் ஏறினோம். டெய்லர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அண்ணன், "நீ சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்" என்றான்.