தலையணைக்குள் முட்டை

அன்புள்ள விசில் அண்ணனுக்கு,

உன் வாலு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். மறுவாழ்வு மையத்தில் நீயும் ஒழுங்காகச் சாப்பிட்டு, யாரையும் முறைக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கை பரபரக்கிறது. எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

சேதி இதுதான்: உன் மூக்கை அடைத்துவிடலாமாம்! ஓட்டையைச் சொல்கிறேன். உன் ஸ்கேனோடு அம்மாவும் நானும் இன்று மூக்கு டாக்டரிடம் போனோம். உள்தோலை இழுத்து வைத்துத் தைத்தால் நடுச்சுவரில் விழுந்த ஓட்டை மூடிக்கொள்ளும் என்றார். "அப்போ தூங்குறப்ப விசில் நின்னுடுமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

ஆனால் நீ முழுசாக நிறுத்தி, மாதக்கணக்கில் தாக்குப்பிடித்த பிறகுதான் கத்தியைத் தொடுவாராம். மறுபடி கொக்கைன் பக்கம் போனால் தையல் தாங்காதாம், மூக்குத்தண்டே உட்கார்ந்துவிடுமாம்.

இதெல்லாம் என் புண்ணியம், மறந்துவிடாதே. ஹோட்டல் சமையல்காரன் நீ. படியேறும்போதே வீட்டில் பால் அடிப்பிடிப்பதைச் சொல்லுவாய். அந்த மூக்கைச் சீண்டத்தான் உன் தலையணை உறைக்குள் அவித்த முட்டையை ஒளித்தேன். நீயோ ஒரு வாரம் அதன்மேல் சுகமாகத் தூங்கினாய், விசிலோடு! பக்கத்து வீட்டு அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "என்னடி, எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டாள். நீ மட்டும், "என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாய். நான் உருண்டு உருண்டு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, உன்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சளி, சைனஸ் என்று நீ விட்ட கதையெல்லாம் அன்றோடு சரி. டாக்டர் ஒரு துவாரத்தில் டார்ச் அடித்தார். அடுத்த துவாரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கப்புறம் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "அவன் பேச்சையே எடுக்காதீங்க" என்று திரிந்தவர், இன்று சேதி கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பும்போது கக்கத்தில் புதுத் தலையணை! "எனக்கு?" என்றேன். "நீ இது பக்கத்துலயே வரக் கூடாது" என்றார்.

வாசனை முழுசாகத் திரும்புமா என்பது டாக்டருக்கே தெரியாதாம். தெரியாவிட்டால் போகட்டும். உன் அறையில் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நல்ல வாசனைதான், சத்தியமாக. கண்ணால் தேடக் கூடாது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் வேறொன்றை வைப்பேன், அதற்கப்புறம் இன்னொன்று. நீ வந்தால் போதும் அண்ணா. அதுவரை அந்த மூக்கில் காற்று மட்டும் போகட்டும்.

உன் தலையணைக்கு எதிரி,
வாலு