முகம் மறைத்த பேட்டி

அன்பு மகனுக்கு,

தொலைபேசியில் பேசத் தகாதது என்பதால் எழுதுகிறேன். நீ வேலை பார்க்கும் மருந்து நிறுவனத்தைப் பற்றிய புலனாய்வு நிகழ்ச்சி நேற்று, நான் சட்ட ஆலோசகராக இருக்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. வழக்கு வராதபடி அதை முன்கூட்டியே பார்த்துத் திருத்தியவன் நான். அதில் ஒருவர் நிழலில் அமர்ந்து, மாற்றப்பட்ட குரலில் பேசுகிறார். அவர் யாரென்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. தடுமாறும்போதெல்லாம் அவர் இடது காதைப் பிடித்து இழுக்கிறார். அந்த இடங்களை நீக்கச் சொன்னேன்.

"காதுல என்ன சார் சட்டச் சிக்கல்?" என்று எடிட்டர் சிரித்தார். ஆனாலும் நீக்கிவிட்டார்.

முன்னோட்டத்தை மட்டும் எனக்கு அனுப்பாமலே வெளியிட்டுவிட்டார்கள். அதில் அந்தக் காது இருந்தது. உன் அம்மா அந்த முன்னோட்டத்தைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் கண்டுகொண்டிருப்பாள். உன் மேலாளரும் கண்டுகொண்டிருக்கலாம்.

ஆகவே, அலுவலகத்துக்குப் போகாதே. இக்கடிதத்தைக் கொண்டுவரும் மாமாவுடனேயே புறப்பட்டு வந்துவிடு. நீ விடுப்பில் வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் நேற்று நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்தாள். "பாவம், யாரு பெத்த புள்ளையோ, இப்படி இருட்டுல உக்காந்து பேசுது" என்றாள்.

அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று நான் ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்தேன்.

இப்படிக்கு,
அப்பா