நோகாத கால்

உடப்பு,
2013 ஓகஸ்ட் 28, புதன்.

அன்புள்ள பேத்தி வினோஜாவுக்கு,

அம்மம்மா எழுதுவது. உன் பரீட்சை முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாதென்று உன் அம்மா கட்டளை போட்டிருக்கிறாள். அதை அவள் தன் அடுப்படியில் வைத்துக்கொள்ளட்டும். இன்னாசிப்பிள்ளையின் கருவாட்டு லொறி நாளை யாழ்ப்பாணம் வருகிறது, அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அம்மப்பாவோடு என்னால் முடியவில்லை, பிள்ளை. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தோடு இந்த முறை தீ மிதிக்க வேண்டாமென்று எல்லோரும் சொன்னோம். முப்பத்தொரு வருடம் இறங்கினவன் ஒதுங்கி நிற்பதா என்று காப்புக் கட்டிக்கொண்டார். மிதித்துவிட்டு வந்து, சூடே தெரியவில்லை, பூவிலே நடந்த மாதிரி, அம்மனுக்கு என்மேல் அவ்வளவு இரக்கம் என்று ஊரெல்லாம் சொன்னார். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் பாயெல்லாம் ஈரம். பாதத்தில் கொப்பளம் உடைந்து சீழ். நோகவில்லையே என்று மஞ்சளை அப்பிக்கொண்டு கரைவலை இழுக்கப் போய்விட்டார்! உப்புத் தண்ணீர் காயத்துக்கு நல்லதாம். நாற்றம் எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனோம்.

பெரிய டொக்டர் சிங்களவர். சிலாபத்தில் மீன் விற்றுப் பழகிய சிங்களம் எனக்குப் போதும். ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன். அவர் அம்மப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஊசியால் குத்தினார். இவர், என்ன டொக்டர், இன்னும் தொடங்கவில்லையா என்று கேட்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். ஊசி அவர் காலில் நின்றது, பிள்ளை. சீனி கால் நரம்பை எப்போதோ தின்றுவிட்டது, தணலை மிதித்தாலும் தெரியாது என்றார் டொக்டர்.

பெருவிரலும் அடுத்ததும் கறுத்துவிட்டன. காலுக்கு இரத்தம் இன்னும் ஓடுவதால், இப்போது இரண்டு விரலை எடுத்தால் காயம் ஆறுமாம். விட்டால் சீழ் உள்ளே ஏறி, முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டி வருமாம். அதற்கும் பிந்தினால் என்னவென்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்.

இவர் மாட்டாராம். நோகாத விரலை எந்த மடையன் வெட்டுவான் என்கிறார். அம்மன் காத்த காலில் கத்தி படுவது பாவமாம். சாமி பேரை ஏன் இழுக்கிறீர்கள், மாத்திரையை வேலிக்குள் எறிந்தது அம்மனா என்று ஆஸ்பத்திரி வாட்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். நேர்ஸ் என்னைத்தான் வெளியே அனுப்பினாள்.

என் பேத்தி டொக்டருக்குப் படிக்கிறாள், அவள் சொன்னால் கையெழுத்து வைப்பேன் என்று அந்த நேர்ஸிடம் சொல்லியிருக்கிறார். ஓம், நீ இரண்டாம் வருடம் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அதைச் சொல்லிக்கொண்டிராதே.

கடிதம் கிடைத்த உடனே உன் அம்மாவின் போனுக்கு எடு, நான் அதை வாங்கி அம்மப்பாவின் காதில் வைக்கிறேன். கெஞ்சாதே, கெஞ்சினால் கதை வளர்ப்பார். நன்றாக ஏசு. இனித் தீ மிதிக்க முடியாதே என்று அழுவார், கொஞ்சம் அழவிடு. பிறகு கையெழுத்தைக் கேள்.

விரல் இல்லாத காலையும் அம்மம்மா தினமும் கழுவி மருந்து கட்டுவாள், முகம் சுளிக்கமாட்டாள் என்றும் சொல். என் வாயால் சொன்னால் நம்பமாட்டார். நாற்பத்தாறு வருடமாக ஏசியே பழக்கிவிட்டேன்.

அம்மன் உன் படிப்புக்கும் வாய்ச்சொல்லுக்கும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மம்மா
சின்னாச்சி