சந்தனம் பூசிய சாவி

மாப்ள,

நேற்று ஆயுத பூஜை. காளவாசலில் மகனின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மூன்றாம் மாடியில் இருக்கும் குடியிருப்போர் சங்க அறையில் சுத்தியல், ஸ்பேனர், மோட்டார் ரூம் பூட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு சின்னச் சாவி, சந்தனம் பூசி, மேலே ஒரு சாமந்தி. எங்கள் குடியிருப்பின் ஆட்டோமேட்டிக் கேட் சிக்கிக்கொண்டால் விடுவிக்கிற சாவி அது. பார்த்ததும் எனக்கு உச்சி கொதித்தது.

"எவன்டா இதக் கொண்டாந்து இங்க வச்சது?" என்று கத்திவிட்டேன். பெண்கள் விலகி நின்றார்கள். "சாமிக்கு வச்சத எடுக்கக் கூடாது சார்" என்றார் செயலாளர். அது அப்படியே உன் பேச்சு. சாவியையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு கீழே போனேன். கேட் தூணில் ஆணி அடித்துச் சாவியை மாட்டினேன். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று இந்நேரம் நாலு மாடியும் பேசியிருக்கும், பேசட்டும்.

திருநகர் தாண்டி நம் மில்லுக்கு அந்தக் கேட் வந்த நாள் நினைவிருக்கிறதா? எண்பதுகளில் ஆள் தொடாமல் திறக்கிற கேட்டை யார் பார்த்தார்கள்? பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். வெளிநாட்டுக்காரன் கொடுத்த புத்தகத்தில் படத்தைப் பார்த்தே நீ வேலை படித்தாய். ஃபிட்டர் நீ, எலெக்ட்ரீசியன் நான். சனிக்கிழமை தோறும் மோட்டார் மூடியைத் திறந்து, கதவைத் தள்ளுகிற எண்ணெயை விரலில் தொட்டு முகர்வாய். கருகின வாடை வந்தால் அன்றைக்கே மாற்றுவாய். எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பாய்: "எண்ணெ உள்ள பூட்டிக்கிட்டா கரண்ட்ட அமத்துனாலும் கதவு அசையாது மாப்ள. இந்தச் சாவி ஒண்ணுதான் வழி. இது தூணுலயே தொங்கணும்."

சொன்னவனே ஒரு ஆயுத பூஜை அன்று அதைக் கழற்றி ஒர்க்ஷாப் பூஜைக்குக் கொண்டுபோனாய். "இதையுமாடா?" என்றேன். "சாவியும் ஆயுதந்தான்டா. வருசம் பூரா தொங்குது, ஒரு நாளு சந்தனம் வாங்கிட்டுப் போகட்டுமே" என்றாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னையும் செருப்பால் அடிக்கலாம்.

மில் ஓடவில்லை, கேட் மட்டும் ஓடியது. மேனேஜர் கார் உள்ளே வந்தது. வாட்ச்மேன் பெருமாள் அண்ணன், டி. கல்லுப்பட்டிக்காரர், விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். பின்னாலேயே மூடிய கதவு அவர் காலைத் தூணோடு சேர்த்து நெரித்தது. நான் ஓடி மெயின் சுவிட்சை அமர்த்தினேன். நீ சொன்ன மாதிரியே கதவு அசையவில்லை. நீ ஒர்க்ஷாப்புக்கு ஓடினாய். கதவைப் பூட்டிவிட்டு ஸ்டோர்காரர் பொரி கொடுக்கப் போயிருந்தார். அவரைத் தேடி, பூட்டைத் திறந்து, நீ சாவியோடு வருவதற்குள் பெருமாள் அண்ணனின் அலறல் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினாய். ஒற்றைக் கையால் தள்ளினேன், கதவு திறந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் அவர் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதைக்கூட மன்னிப்பேன். கெட்ட நேரம் என்று மனசை ஆற்றிக்கொள்வேன். ஆனால் விசாரணையில் மேனேஜர், "சாவி எங்க இருந்துச்சு?" என்று கேட்டபோது என்ன சொன்னாய்?

"தூணுலதான் சார் தொங்குச்சு. பதட்டத்துல நான்தான் கவனிக்காம ஒர்க்ஷாப்புக்கு ஓடிட்டேன். அவரும் கேட்டுல நிக்கக் கூடாத எடத்துல நின்னுட்டாரு."

பாவி! நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு. வாட்ச்மேனின் கவனக்குறைவு என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீயும் நானும் மறு சனிக்கிழமை அதே கேட்டுக்கு எண்ணெய் பார்த்தோம்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் சொன்னாய், "ஒரு எட்டு கல்லுப்பட்டிக்குப் போயி அண்ணன்ட்ட உண்மையச் சொல்லிட்டு வந்துருவோம் மாப்ள." மகள் கல்யாணம் முடியட்டும் என்றாய். ரிட்டயர் ஆகட்டும் என்றாய். போன சித்திரையில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். மாலையோடு வந்த எனக்கு அழுகை வரவில்லை, உன்னை எழுப்பி நாலு அறை விடத்தான் கை துறுதுறுத்தது.

இன்று காலை நான் மட்டும் கல்லுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். பெருமாள் அண்ணன் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். "கரண்டுக்காரத் தம்பியா? வாங்க, வாங்க" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, பூஜை, விசாரணை, என் ஊமைத்தனம்.

"தெரியும்ப்பா" என்றார். "ஃபிட்டரு குனிஞ்சு சாவியத் திருப்பயில அவரு தோளத்தான புடிச்சிருந்தேன். சாவியெல்லாம் சந்தனம். எனக்கு அரை மயக்கந்தான், ஆனா கண்ணு தெரிஞ்சுச்சு."

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"என்னைய எவன் கேட்டான்?"

கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு கேட்டார். "ஃபிட்டர் எப்படி இருக்காரு?"

நீ இறந்துவிட்டாய் என்றேன்.

"அடப்பாவி மனுசா. எம்புட்டு வருசம்! இந்தா இருக்குற கல்லுப்பட்டி. ஒருக்கா வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போயிருக்கலாமுல்ல."

மருமகளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். வாங்கிக் குடித்தேன். சாவியில் இருந்த சந்தனம் நேற்றிலிருந்து என் விரலை விட்டுப் போகவில்லை. டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் அந்த வாசனைதான் வந்தது. உன் மேல் இருக்கிற கோபம் எனக்குத் தீரவில்லை மாப்ள, தீரவும் தீராது. அந்த டீயை நீ குடித்திருக்க வேண்டும்.