ஒத்திகையில் என் வலது கை

11 ஜனவரி 2004, ஞாயிறு

கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஜோடி டான்ஸ் ஒத்திகை. என் ஜோடி, பெயிண்ட் அடிக்கிற செக்‌ஷன் சரவணன். "கெட்டியா புடிக்காதம்மா. விரலைக் கொக்கி மாரி மாட்னா போதும். அவர் வுட்டதும் நீயும் வுட்டுடணும்" என்றார் டான்ஸ் மாஸ்டர்.

சரவணன் என்னை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கையை விட்டான். என் விரல்கள் விரியவில்லை. எவ்வளவோ முயன்றேன், அவன் கையைப் பிடித்தபடியே மடங்கி நின்றன. அவன்தான் இன்னொரு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"இன்னா, வுட மனசில்லியா?" என்று பசங்க சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சரவணன் சிரிக்கவில்லை. "எத்தினி நாளா இப்டி கீது?" என்று மெதுவாகக் கேட்டான்.

இன்றுதான் முதல் தடவை. நாளெல்லாம் லைனில் ஸ்க்ரூ முடுக்கும் மெஷினை அழுத்துகிற கை இது. என் பக்கத்தில் நின்று அதே வேலை பார்த்த செல்விக்கும் விரல் இப்படித்தான் மடங்கிக்கொண்டது. சூப்பர்வைசருக்குத் தெரிந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாஸ்டலில், இந்த அறையில் அவள் பாய் விரித்த இடம் இன்னும் காலி.

காலையில் முதல் ஷிஃப்ட். லைட்டை அணைக்கச் சொல்லி அறையில் மற்றவர்கள் சத்தம் போடுகிறார்கள். பேனாவைக் கீழே வைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அதனால்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.