மன்சூர் அலியும் சுவர்ப் பருந்துகளும்

பிப்ரவரி 2, ஞாயிறு
ஆடு அறுக்கும் கூடத்தில் இன்று நல்ல கூட்டம். சுவரெல்லாம் பருந்து. அறுப்பவர்கள் பலர் உண்டு. கழிவுச் சவ்வை மேலே வீசி விளையாட்டுக் காட்டுபவன் நான் ஒருவன்தான். இன்று ஒரு பருந்து பிடித்த துண்டைத் தவறவிட்டது. கூடத்துக்குப் பக்கத்து வீட்டு ஞானப்பூ டீச்சரின் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. மூடி இல்லாத தொட்டி.

பிப்ரவரி 4
டீச்சர் நகராட்சியில் மனு கொடுத்துவிட்டார். பருந்துத் தொல்லை தீராவிட்டால் கூடத்தை ஊருக்கு வெளியே பந்தல்குடி ரோட்டுக்கு மாற்றுவார்களாம். பதினொன்றாம் தேதி அதிகாரி வருகிறார். அங்கே போய் அறுத்து வந்து நான் எப்போது கடை திறப்பது? இனி ஒரு துண்டும் வீசக் கூடாது.

பிப்ரவரி 5
கழிவை எல்லோருமாகக் குழியில் புதைத்தோம். பருந்துகள் என்னையே பார்க்கின்றன. பார்க்கட்டும்.

பிப்ரவரி 7
செல்போன் கோபுரத்துக் கூட்டில் குஞ்சு கத்துகிறது. இது குஞ்சு பொரிக்கிற மாதம் — எனக்குத் தெரியாதா? போட்டுப் பழக்கியது யார்? கடையில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

பிப்ரவரி 8
டீச்சர் கையில் கட்டு. மீன் பையைப் பருந்து பறித்ததில் நகம் கிழித்துவிட்டதாம்.
“ஏன் பாய், அதுகளுக்குப் போடுறத நிப்பாட்டிட்டீகளோ?”
“நீங்கதான டீச்சர் மனு கொடுத்தீக?”
“தொட்டியில போடாதீகன்னுதான் எழுதுனேன். பட்டினி போடுங்கன்னா எழுதுனேன்?”
வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 9
இரண்டு தெரு தள்ளி என் வீடு. மொட்டை மாடியில் சவ்வைப் பரப்பினேன். கால் மணி நேரத்தில் ஒன்று வந்தது. பிறகு எட்டு.

பிப்ரவரி 11
அதிகாரி வந்தார். சுவரில் ஒன்றுகூட இல்லை; அத்தனையும் என் மாடியில். “எங்கய்யா பருந்து?” என்று சிரித்தார். கூடம் இங்கேயே இருக்கும். சந்தோஷப்பட வேண்டியதுதானே? படுத்தால் புரண்டுகொண்டே இருக்கிறேன்.

பிப்ரவரி 12
காயப்போட்ட துணியில் ரத்தக் கறை. எங்கள் தொட்டியில் ஒரு துண்டுக் குடல். என் மனைவி நூர் பீவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “மனு எந்த ஆபீஸுல குடுக்கணும்?”

பிப்ரவரி 13
தொட்டி மூடி இரண்டு வாங்கினேன். டீச்சர் வீட்டுத் தொட்டியில் நானே ஏறிப் பொருத்தினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. கீழேயிருந்து டீச்சர், “நாளைக்குச் சுவத்துலயே வைங்க பாய், வீசாதீக” என்றார். தலைக்கு மேல் ஒன்று வட்டமிட்டது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், இன்று ஒன்றும் இல்லை என்று.