இடது பக்கம் கொஞ்சம் மங்கல்

மார்ச் 3, செவ்வாய்

பெரிய பெட்டி வந்துவிட்டது. உள்ளே இருப்பது ஒரே ஒரு ஹெட்போன், ஆனால் நகை மாதிரி வெல்வெட்டில் படுத்திருக்கிறது. இதன் விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம், பெட்ரோலும் போடலாம். கம்பெனிக்காரர்கள் ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுப் பார்த்துப் பத்திரிகையில் எழுத வேண்டும். கடைசி வரியில் தீர்ப்பு: வாங்கலாம், அல்லது வேண்டாம். நான் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் முடிப்பேன். வாசகர்கள் ‘வேண்டாம் அக்கா’ என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

காலை முழுக்கக் கேட்டேன். அருமை. ஆனால் இடது பக்கம் கொஞ்சம் மங்கல். பாடுகிறவரின் குரல் வலது பக்கம் பளிச்சென்று வருகிறது, இடது பக்கம் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. இவ்வளவு விலை வைத்துவிட்டு இப்படியா? எழுதும்போது நறுக்கென்று கேட்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

ஆசிரியர் போன் செய்தார். “என்ன மேடம், வாங்கலாமா வேண்டாமா?”

இடது பக்கம் மங்கலாக இருக்கிறது என்றேன்.

“போன மாசத்து ஹெட்போனுக்கும் இதையேதான சொன்னீங்க?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். போன மாதம், ‘இடது பக்கத்தில் தெளிவு போதாது.’ அதற்கு முந்தைய மாதம் ஒரு ஜோடி ஸ்பீக்கர், ‘இடது ஸ்பீக்கர் சற்றுச் சோர்வு.’ மூன்றும் வேறு வேறு கம்பெனி. மூன்று பேருமா இடது பக்கத்தில் மட்டும் கோட்டை விடுவார்கள்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இந்த வரியை அடித்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும். இங்கே யார் வந்து படிக்கப் போகிறார்கள்.

மார்ச் 9, திங்கள்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஒரு பக்கம் சத்தம் குறைவாக வருகிறது, ஹெட்போனை மாற்றித்தரச் சொல்லிக் கடையில் சண்டை போடலாமா?

இதற்கு நான் வருஷக்கணக்காகக் கொடுக்கும் பதில் ஒன்றுதான். முதலில் திருப்பி மாட்டிப் பாருங்கள், இடதை வலது காதில், வலதை இடது காதில். மங்கலும் கூடவே இடம் மாறினால் கோளாறு ஹெட்போனில். மாறாமல் அதே பக்கம் நின்றால் கடைக்காரரை விட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போங்கள். ஒரு நொடி வேலை.

இன்றும் அதையே எழுதி அனுப்பினேன். ஹெட்போன் மேஜைமேல்தான் இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில். திருப்பவில்லை. சளி பிடித்திருக்கிறது, அது போகட்டும்.

எங்கே பிடித்திருக்கிறது சளி?

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் திருப்பவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 14, சனி

ஸ்பீக்கர் கடையில் ஒரு போட்டி மாதிரி. விலை அதிகமான ஜோடி ஒன்று, சாதாரண ஜோடி ஒன்று, இரண்டும் திரைக்குப் பின்னால். எது எது என்று தெரியாமல் கேட்டு மார்க் போட வேண்டும். என்னோடு இன்னும் இரண்டு பேர். கடைக்குள் கேட்பது கணக்கில் வராது என்று எப்போதும் சொல்கிறவள் நான். கடையில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், வெளியே கொண்டுவந்தால்தான் சாயம் வெளுக்கும். இருந்தாலும் போனேன். நடு நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள், மரியாதையாம்.

நடுவில் உட்கார்ந்தால் பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கிற மாதிரி கேட்க வேண்டும். எனக்கு அவர் வலது ஓரமாகப் போய் நின்றார். இரண்டாவது ஜோடியிலும் அதே ஓரம். யோசிக்காமல் சொல்லிவிட்டேன், “பாடறவர் தள்ளி நிக்கறாரே.”

மற்ற இரண்டு பேரும் என் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து கேட்டார்கள். “இல்லக்கா, நடுவுலதான் இருக்காரு.”

கடைக்காரர் டேப்பை எடுத்து வந்து தூரம் அளந்தார். இரண்டு பக்கமும் சரிசமம். டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். “ஏசி காத்து நேரா அடிக்குதுல்ல, அதான்” என்றேன். ஏசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவருக்கும் தெரியும். பாவம், ஏசியைக் குறைத்தார்.

மார்ச் 15, ஞாயிறு

நானும் வீட்டுக்காரரும் கடைத்தெருவுக்கு நடந்து போனோம். பாதி வழியில் இவர் நின்றுவிட்டார். “ஏன் எப்பப் பாத்தாலும் நகந்து நகந்து எனக்கு இடது பக்கமே வர்ற?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் என் வலது பக்கம் இருந்தால்தான் பேச்சு முழுசாகக் கேட்கிறது. போனையும் வலது காதுக்கு மாற்றியிருக்கிறேன். எப்போது மாற்றினேன்? தெரியவில்லை.

“வெயிலு” என்றேன். வெயில் நான் நகர்ந்து வந்த பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு பக்கக் காது மட்டும் மங்கினால் என்ன என்று இணையத்தில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. கட்டி என்று ஒரு இடத்தில் போட்டிருக்கிறது. மூளைக்குப் பக்கத்திலாம்.

கட்டி இல்லாவிட்டாலும்தான் என்ன? என்கிட்ட இருக்கறதே இந்த ரெண்டு காதுதான். அதை நம்பித்தான் ஜனங்க காசு போடுறாங்க. காது போன பிறகு நான் யாரு? எதை வெச்சு வேண்டாம்னு சொல்வேன்?

சமையல் தீய்ந்துவிட்டது. குக்கர் விசில் கேட்கவில்லையா, கவனிக்கவில்லையா? இனிமேல் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விதான்.

மார்ச் 20, வெள்ளி

இவரிடம் சொல்லிவிட்டேன்.

சும்மா திருப்பி மாட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் பரீட்சை ஆக்கினேன். இவர் கணக்கு வாத்தியார், பரீட்சை என்றால் உற்சாகம் வந்துவிடும். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் காசு சுண்டிப் பார்த்து ஹெட்போனை நேராகவோ திருப்பியோ மாட்ட வேண்டும். எந்தப் பக்கம் மங்கல் என்று நான் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

முதல் தடவை, இடது. அடுத்தது, இடது. அவர் கை என் காதில் பட்டுப் பட்டுப் போனது. ஒருதடவையாவது மாறிடு, மாறிடு என்று உள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தேன். இடது. இடது. பிறகு காசு சுண்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

“கண்ணத் தொற.”

திறந்தேன். பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாத்துக்கும் இடதுன்னே சொன்ன.”

“நீங்க திருப்பினீங்களா?”

“பாதி தடவ திருப்பித்தான்மா மாட்டினேன்.”

அழுதேன். அவர் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 24, செவ்வாய்

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சின்னச் சின்ன ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இடது காதுக்கு வந்தபோது கேட்காத ஒலிக்கும் இரண்டு மூன்று முறை அமுக்கினேன். யாரை ஏமாற்றப் பார்த்தேன்?

பேப்பரில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். ஸ்பீக்கர்களுக்கும் இதே மாதிரி கோடுதான் வரும், பார்த்துப் பழகிய கண். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே படித்துவிட்டேன். வலது கோடு நேராகப் போகிறது. இடது கோடு பாதியில் படியிறங்கிக் கீழே போய்விட்டது. இப்படி ஒரு ஸ்பீக்கர் வந்திருந்தால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

“ஒரு பக்கம் மட்டும்ங்கறதால எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துருவோம்” என்றார். எதுக்கும்! எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

மார்ச் 27, வெள்ளி

கட்டி இல்லை. கட்டி இல்லை. கட்டி இல்லை.

நரம்பு தேய்ந்திருக்கிறதாம், போனது போனதுதானாம். போகட்டும்.

மார்ச் 30, திங்கள்

ஆசிரியரிடம் சொன்னேன். ராஜினாமாவை மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா, வழக்கப்படி எனக்குத்தான் கேட்கவில்லையா என்று பயந்துபோனேன்.

“இத அப்படியே கட்டுரையில எழுதுவீங்களா மேடம்?”

“எழுதினா யாரு சார் நம்புவாங்க?”

“எழுதாம இருந்து பின்னாடி தெரிஞ்சாத்தான் நம்ப மாட்டாங்க.”

ஏப்ரல் 2, வியாழன்

எழுதி அனுப்பிவிட்டேன். ‘என் இடது காது பழுது. ஆகவே இடது பக்கத்தைப் பற்றிய தீர்ப்பு என் வீட்டுக்காரருடையது. சென்ற இரண்டு கட்டுரைகளில் இடது பக்கம் பற்றி நான் எழுதியதை யாரும் பொருட்படுத்த வேண்டாம்.’

வீட்டுக்காரரின் தீர்ப்பு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த ஹெட்போனையும் எங்கள் வீட்டுப் பழையதையும் மாற்றி மாற்றிக் கேட்டார். “பாட்டு ஒண்ணுதான். இதுல பாடறவர் மூச்சு வாங்கறதும் கேக்குது. அவர் மூச்சு வாங்கினா எனக்கென்ன?” அதையும் அப்படியே சேர்த்தேன். மூச்சும் கேட்டாக வேண்டும் என்கிறவர்கள் வாங்கலாம். மற்றவர்களுக்கு, வேண்டாம்.

ஏப்ரல் 6, திங்கள்

திட்டித்தான் கடிதம் வரும் என்று திறக்கவே பயந்தேன். திட்டும் இருக்கிறது. ஒருவர், ‘உங்கள் பேச்சைக் கேட்டு வாங்காமல் விட்டேனே’ என்று பொருமியிருக்கிறார். நியாயம்தான். இன்னொருவர், ‘எனக்கும் இடதுதான் அக்கா. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.’ அவருக்கு மட்டும் உடனே பதில் போட்டேன்.

ஏப்ரல் 11, சனி

காதுக்கருவிக் கடை. அங்கிருந்த பெண் இரண்டு எடுத்து வைத்தாள். ஒன்று சாதாரணம். மற்றது விலையில் அந்த ஹெட்போனையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். “இது இரைச்சல வடிகட்டி, பேச்ச மட்டும் எடுத்துக் குடுக்கும் மேடம். பேரப்பிள்ளைங்க பேசறது அவ்வளவு தெளிவா இருக்கும்.” எனக்குப் பிள்ளையே இல்லை. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்! ஊரையெல்லாம் உஷார்ப்படுத்துகிறவள், பயத்தில், சொன்னதையெல்லாம் நம்பிக்கொண்டு.

இவர் காசை எடுத்தார். “கண்ண மூடு.”

“இங்கயா? கடைக்குள்ள கேக்கறது கணக்குல வராது. வெளிய வாங்க.”

பஸ் போகிற தெருவில், கடை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இவர் காசு சுண்டிச் சைகை காட்ட, அந்தப் பெண் மாட்டிவிட்டாள். இவர் என் இடது பக்கம் நின்று வழக்கமான குரலில் பேசினார். ஒன்றில் ஏதோ இல்லை என்றார், என்ன இல்லை என்பதை பஸ் கொண்டுபோய்விட்டது. அடுத்ததில், அதே பஸ் இரைச்சலில், “வீட்டுல பால் இல்ல.” தெளிவாக, பக்கத்தில். மறுபடி சுண்டினார், மறுபடி மாற்றினாள். உப்பு இல்லை, சோப்பு இல்லை, தீப்பெட்டி இல்லை. போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். பார்க்கட்டும்.

விலை அதிகமானதுதான் ஒவ்வொரு தடவையும் பேச்சை முழுசாகக் கொண்டுவந்தது. வாங்கலாம் என்றேன். “யாரு, வேண்டாம் அக்காவா பேசறது?” என்று இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வரும் வழியில் பால், உப்பு, சோப்பு, தீப்பெட்டி எல்லாம் வாங்கினோம். நிஜமாகவே வீட்டில் எதுவும் இல்லையாம். வீடு வரைக்கும் அவர் என் இடது பக்கமே நடந்து வந்தார்.